அத்தாயிக்குப் படுக்க ஓர் இடம்

1

ஒரு கரி பஸ் வழியில் நின்றுபோனதால் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. யுத்தம் வந்து பெட்ரோல் மறைந்த பிறகு பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி ஓட்டுகிறார்கள் அல்லவா, அந்த ரகம். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் வழியில், ஒரு சந்தை ஊரின் முன்னால் அடுப்பு அணைந்துவிட்டது. டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம். எதிரே சந்தைக் கொட்டகை காலியாகக் கிடந்தது. என் பக்கத்தில் நின்ற நெய் வியாபாரி, பொழுது போகவேண்டுமே என்று, கொட்டகையைக் காட்டிச் சொன்னார்:

"இங்கதானுங்க, பத்து வருசம் இருக்கும், ஒரு புள்ளை புடிக்கிறவனை அடிச்சே கொன்னு போட்டாங்க."

"நிஜமாகவே பிள்ளை பிடிக்கிறவன்தானா?"

"அட, இல்லீங்க. அது அப்புறந்தான் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பஸ் கிளம்பியது. அவர் தூங்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஓட்டு வீட்டு மச்சில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் 'உண்மையில் நடந்ததா?' என்று கேட்கவேண்டாம்.

ஆனால் அந்த 'அப்புறந்தான் தெரிஞ்சுது' என்னை விடவில்லை. மழை வருவது வேண்டுமானால் தானாகத் தெரியும். ஒரு மனிதன் குற்றம் செய்யவில்லை என்பது, யாராவது வாயைத் திறந்தால்தான் தெரியும். அப்படியானால் அறிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். கம்பு இறங்கும்போதே அறிந்திருந்தவர். அவர் யார் என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'காவல் சங்கத்துச் சுப்பையன் மீசையை முறுக்கிக்கொண்டு, கம்பைத் தரையில் தட்டி—'

அடித்துவிட்டேன். மீசையை முறுக்குகிறவனை வாசகர் முதல் வரியிலேயே வெறுத்துவிடுவார். வெறுத்துவிட்டால் நிம்மதி, அவன் வேறு, நாம் வேறு. நான் நினைத்த சுப்பையன் அப்படிப்பட்டவன் இல்லை. ஊரில் தீப்பிடித்தால் குடத்தோடு முதலில் ஓடுகிறவன். கிணற்றில் விழுந்த மாட்டைக் கயிறு கட்டி இறங்கித் தூக்கினவன். அவனை நம்பித்தான் ஊர் தூங்கியது.

இரண்டாவது தொடக்கம்:

'ஆண்டி என்று ஒரு பரதேசி அந்தக் கொட்டகையில்—'

இதுவும் போயிற்று. ஆண்டி என்று பெயர் வைத்தால் ஆள் மறைந்து தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. செத்தவனைச் சாமியாராக்கினால் அடித்தவர்களுக்கும் சுலபம், எழுதுகிறவனுக்கும் சுலபம். அவன் சாமியார் இல்லை. மூட்டை தூக்குகிறவன். புகையிலை கிடைக்காத நாளில் கோபப்படுகிறவன்.

மூன்றாவது தொடக்கம் இனி வருவது. இதுவும் எனக்குப் பூரணமாகப் பிடிக்கவில்லை. ஆனால் அலுத்துவிட்டது.

3

அவன் பெயர் சென்றாயன். அவன் மனைவி அத்தாயி. மேட்டூருக்கு மேலே ஆற்றங்கரையில் இருந்தது அவர்கள் ஊர். அணை எழும்பித் தண்ணீர் நின்றபோது ஊர் தண்ணீருக்குள் போயிற்று. விளைகிற காடு வைத்திருந்தவர்கள் வேறு காடு தேடிப் போனார்கள். இவர்களுக்குக் காடு கிடையாது. பிறர் காட்டில் களை வெட்டியவர்கள். காவேரியின் போக்கிலேயே கீழ்நோக்கி நடந்தார்கள். ஓர் ஊரில் கடலைக்காய் பிடுங்கினார்கள். இன்னோர் ஊரில் பருத்தி எடுத்தார்கள். வேலை முடிந்ததும் அந்தந்த ஊர், 'சரி, கிளம்பு' என்றது. இந்தச் சந்தை ஊருக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு பாயும் ஒரு சட்டியும் ஒரு மண்வெட்டியும் இருந்தன.

சந்தை கூடாத நாட்களில் கொட்டகையில் படுத்தார்கள். இவர்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் அங்கே கிடந்தன. சந்தை நாளில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, சென்றாயன் மூட்டை தூக்குவான். அத்தாயி விறகு பொறுக்கப் போவாள்.

அந்த வருஷம் ஊர் ஊராக ஒரு பேச்சு நடந்தது. புது அணை நிலைத்து நிற்கவேண்டுமென்றால் தலைச்சன் பிள்ளை பலி கேட்கிறதாம். பிள்ளை பிடிக்க ஆள் விட்டிருக்கிறார்களாம். பரதேசி வேஷத்தில் வருகிறார்களாம். யார் பிள்ளை போயிற்று என்று இந்த ஊரில் கேட்டால், அடுத்த ஊர்ப் பிள்ளை என்றார்கள். அடுத்த ஊரில் கேட்டால், இந்த ஊர்ப் பிள்ளை என்றார்கள்.

(அணையால் ஊரை இழந்தவனையே அணைக்குப் பிள்ளை பிடிப்பவன் என்றார்கள். இதை எழுதியபோது என் சாமர்த்தியத்தைப் பார்த்துக் கொஞ்சம் மகிழ்ந்தேன். பிறகு கூச்சமாக இருந்தது. வீடு இல்லாதவன்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் பொருந்தத்தான் செய்யும். தனியாகச் சாமர்த்தியம் வேண்டியதில்லை.)

சுப்பையன் இளவட்டங்களைச் சேர்த்துக் காவல் சங்கம் வைத்தான். யாரும் சொல்லி வைக்கவில்லை. ஊர் நன்மைக்கு. பொழுதிறங்கும் நேரத்தில் கம்போடு கொட்டகைக்குப் போவார்கள். படுத்தவர்களை எழுப்பிப் பாயை உதறுவார்கள், சட்டியை உருட்டுவார்கள், மூட்டையை அவிழ்த்து ரோட்டில் கொட்டுவார்கள். 'நல்ல பசங்க' என்று ஊர் சொன்னது.

"எந்த ஊருடா நீ?" என்று சென்றாயனைச் சுப்பையன் கேட்டான்.

"ஊரு இல்லீங்க சாமி."

"ஊரு இல்லாம வானத்திலிருந்தா குதிச்சே?"

"இருந்துச்சுங்க. இப்பத் தண்ணிக்குள்ள இருக்குதுங்க."

நக்கல் செய்கிறான் என்று நினைத்து ஒருவன் கன்னத்தில் அறைந்தான். சென்றாயன் மேற்கொண்டு விளக்கவில்லை. கேட்டதற்குச் சரியான பதிலை அவன் சொல்லியாயிற்று.

அந்தக் கூட்டத்தில் சின்னண்ணனும் நின்றான். சொந்தக் காடும் கிணறும் உள்ளவன். அவன் கையிலும் கம்பு இருந்தது, அன்றைக்கு ஓங்கவில்லை. கதை அவன் மனைவி பாவாயியுடையது.

4

பாவாயிக்கு ஒரே பெண் குழந்தை. தத்தித் தத்தி நடக்கிற வயசு. பிறகு ஒரு சந்தைக்குக் குழந்தையோடு வந்திருந்தாள். சின்னண்ணன் மாடு பார்க்கப் போய்விட்டான். மிளகாயும் புளியும் வாங்கிக் கூடையை நிரப்பியபோது குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

என் முதல் பிரதியில், இந்த இடத்தில் அவள் வளையல் போட்டுக்கொள்ளப் போனாள். வளையல்காரன் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தவள் குழந்தையை மறந்தாள் என்று எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. பெண்மேல் பழியைப் போட வளையலைப்போல வசதியான பொருள் வேறில்லை. கிழித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அவளுக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. ஆண்களுக்குச் சந்தையைச் சுற்றி எல்லா இடமும் இடம்தான். பெண்களுக்கு மேற்கே ஒரு கள்ளி வேலி மறைவு, அவ்வளவுதான். தூங்குகிற குழந்தையோடு முள்ளுக்குள் போகமுடியாது. தெரிந்த பெண் முகம் ஒன்றும் கண்ணில் படவில்லை. கொட்டகை ஓரத்தில் சுமைக்குக் காத்துச் சென்றாயன் உட்கார்ந்திருந்தான். முந்தின சந்தையில் அவள் கூடையை வண்டிவரை தூக்கி வந்தவன்; வழியில் ஒரு மிளகாய்கூடச் சிந்தவிடாதவன்.

"ஏப்பா, புள்ளையச் சித்த நேரம் வச்சிரு. வந்தர்றேன்."

"சரிங்க அம்மிணி. பையப் போயிட்டு வாங்க."

கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினான்.

அவள் போனதும் குழந்தை விழித்துக்கொண்டது. முகம் புதிது என்றதும் வீரிட்டது. அழுகிற குழந்தையைத் தாய் போன திசைக்குத்தான் யாரும் தூக்கிப் போவார்கள். தாய் போன திசையில் கள்ளி வேலி இருந்தது. பெண்கள் ஒதுங்குகிற பக்கம் ஆண்பிள்ளை அடிவைக்கலாமா? சென்றாயன் முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தான். "அங்க பாரு சாமி, கன்னுக்குட்டி பாரு, கன்னுக்குட்டி," என்று ரோட்டோரம் கட்டியிருந்த கன்றுகளைக் காட்டப் போனான்.

பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கிழிந்த துணிக்காரன் ஒருவன், காலில் தண்டை போட்ட குழந்தை கதறக் கதற, ரோட்டை நோக்கிப் போகிறான்.

"யாரு புள்ளைடா அது?" சுப்பையன்தான்.

"ஒரு அம்மிணி குடுத்துட்டுப் போனாங்க."

"எந்த அம்மிணி? எங்க போனா?"

சென்றாயன் தலை குனிந்துகொண்டான். "வந்துருவாங்க."

"எங்கடா போனா? சொல்லு!"

"வருவாங்க சாமி. இப்ப வந்துருவாங்க."

இத்தனை ஆண்கள் சூழ்ந்து நிற்கையில், ஒரு வீட்டுப் பெண் ஒதுங்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வேலிப் பக்கம் கை காட்ட அவனுக்கு வரவில்லை. காட்டியிருந்தால் பிழைத்திருப்பான்.

(அவன் உண்மையில் கை காட்டினானா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சொல்ல ஒரு வார்த்தை இருந்தும் ஒருவன் சொல்லாமல் செத்தான் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். இதைவிட நல்ல காரணம் எனக்கு அகப்படவில்லை.)

5

அடித்ததை விஸ்தாரமாக எழுதமாட்டேன். எழுதிப் பார்த்தேன். வாக்கியங்கள் உற்சாகமாக ஓடின. அந்த உற்சாகம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பாவாயி வேலி மறைவிலிருந்து வந்தபோது கூட்டத்தைப் பார்த்தாள். மாடு யாரையோ முட்டிவிட்டது என்று நினைத்தாள். கொட்டகையோரம் சென்றாயனைக் காணோம். பதறி ஓடினாள். கூட்டத்துக்குள் சின்னண்ணன் நின்றான். குழந்தை அவன் இடது கையில் இருந்தது. 'அவங்கப்பன்கிட்டத்தான் இருக்குது' என்று முதலில் அவளுக்கு நிம்மதிதான் வந்தது. அப்புறந்தான் அவன் வலது கையைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

காவல் சங்கத்தார் மட்டும் இல்லை. கயிறு விற்கிறவன் ஓர் அடி, மாட்டுத் தரகன் ஓர் அடி, உப்பு வாங்க வந்தவர் ஓர் உதை. சந்தைக்கு வந்தவர் வெறுமனே திரும்பக்கூடாது என்பதுபோல ஆளுக்குக் கொஞ்சம். 'வேண்டாம், விடுங்கப்பா' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தேன். யார் என்று எனக்கே தெரியாததால் எடுத்துவிட்டேன்.

சுப்பையன் அவளைப் பார்த்து, கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினான். நியாயமாகக் கேட்டான்.

"அம்மிணி, இவன்தானே புள்ளையத் தூக்கினவன்?"

சென்றாயன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

'நான்தான் குடுத்தேன்' என்று சொன்னால், 'ஏன் குடுத்தே' என்பார்கள். 'எங்க போனே' என்பார்கள். சுற்றி நின்ற முகங்களில் மாமனாரின் பங்காளிகள் இருந்தார்கள், கணவன் இருந்தான், பேர் தெரியாத அத்தனை ஆண்களும் இருந்தார்கள். 'ஒதுங்கப் போனேன்' என்ற இரண்டு வார்த்தை அவள் தொண்டையில் வந்து நின்றது. வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"பெத்தவ நெஞ்சு அடைச்சுப் போச்சு, பாருங்க! பேச்சே வரலை!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் பேசாததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சென்றாயன், 'இவங்கதான் குடுத்தாங்க' என்று அவளைக் காட்டவில்லை. தலையை மறுபடி கைகளுக்குள் புதைத்துக்கொண்டான்.

சந்தை கலைவதற்கு முன்பே அவன் உயிர் போய்விட்டது. கத்தரிக்காய்க்காரி கடையைக்கூடக் கட்டவில்லை. மணியக்காரர் வந்து விசாரித்தார். மிரண்ட மாடு மிதித்துச் செத்தான் என்று முடிவாயிற்று. அவர் விசாரித்த எல்லோரும் மாட்டைத்தான் பார்த்திருந்தார்கள்.

அத்தாயி விறகுச் சுமையோடு வந்தபோது கூட்டம் வழிவிட்டது. அவள் சுமையை இறக்கிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று பாவாயிக்குத் தெரியாது. அதற்குள் சின்னண்ணன் தன் மனைவியை வண்டியேற்றி அழைத்துப் போய்விட்டான்.

6

சில சந்தைகள் கழிந்தன. ஒரு முற்பகல், ஆண்கள் காட்டுக்குப் போயிருந்த நேரம், பாவாயி மாட்டுக் கொட்டாயில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். படலுக்கு அந்தப்புறம் ஒரு பெண் நின்றாள். இளைத்திருந்தாள். கக்கத்தில் பாய்.

"அம்மிணி."

யார் என்று பாவாயி கேட்கவில்லை. கேட்காததிலேயே அத்தாயிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"எங்கூட்டுக்காரரு கேக்காம ஒருத்தர் பொருளைத் தொடமாட்டாருங்க. புள்ளை அவரு கையில இருந்துச்சுன்னா யாரோ குடுத்திருக்கோணும். நான் சண்டைக்கு வரலீங்க. தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

பாவாயியின் கையில் சாணி இருந்தது. அதைக் கழுவப் போகலாம், உள்ளே போகலாம், கதவைச் சாத்தலாம். நின்றபடியே சொன்னாள்:

"நான்தான் குடுத்தேன்."

"சரிங்க."

"ஒதுங்கப் போயிருந்தேன். வந்து பாத்தா... எனக்கு வாயி வரலை."

"சரிங்க," என்றாள் அத்தாயி மறுபடி. பிறகு, பக்கத்து வீட்டில் தீ கேட்பவள்போலச் சாதாரணமாகக் கேட்டாள்: "அதை ஊருல நாலு பேருகிட்டச் சொல்றீங்களா?"

பாவாயி கையிலிருந்த சாணியைக் கூடையில் போட்டாள்.

"அவரு போயிட்டாரு, அவருக்காகக் கேக்கலீங்க. எனக்காகத்தான். எந்த ஊருச் சாவடிக்குப் போனாலும் எனக்கு முன்னாடி பேச்சுப் போயிருதுங்க. புள்ளை புடிக்கிறவன் பொண்டாட்டின்னு கல்லெடுக்கறாங்க. கோயில் மண்டபத்துல படுத்தா எழுப்பறாங்க. மரத்தடியில படுத்தா எழுப்பறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எங்கியாச்சும் படுத்துக்குவேனுங்க. தூக்கம் வருதுங்க அம்மிணி. வேற ஒண்ணுமில்லீங்க."

பாவாயி கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கம்மஞ்சோறும் மோரும் கொண்டுவந்தாள். அத்தாயி வாங்கிச் சாப்பிட்டாள். அந்தச் சோற்றை அவள் தள்ளிவிட்டாள் என்று எழுதினால் கதைக்குக் கம்பீரம் வரும். அவளுக்குப் பசி போகாது.

"இரு, நான்..." என்று பாவாயி தொடங்கினாள். என்ன முறை சொல்லி அவளைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது வார்த்தை.

7

அன்று மதியமே சின்னண்ணனுக்குச் சோறு கொண்டுபோனாள். அவன் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். மாடுகள் பள்ளத்தில் இறங்கும்போது வடம் முனகியது. சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டியது.

"ஏனுங்க, அந்தாளு புள்ளையத் தூக்கலீங்க. நான்தான் அவன் கையில குடுத்தேன்."

மாடுகளை நிறுத்தினான். அவன் அவளை அடிப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். பேனாவும் அதற்குத் தயாராக இருந்தது. அவன் வடத்தின்மேல் உட்கார்ந்தான்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றான்.

"என்னங்க?"

"புள்ளைய எங்கிட்ட அவன்தான் குடுத்தான். ரெண்டு கையிலயும் ஏந்தி, 'பையப் புடிங்க சாமி, பயந்துருக்குது'ன்னு சொல்லிக் குடுத்தான். திருடிட்டுப் போறவன் அப்பிடிக் குடுப்பானா? தெரிஞ்சுது. ஆனா எல்லாரும் என்னையவே பாத்துட்டு நின்னாங்க. பெத்தவன் என்ன பண்ணப்போறான்னு. மொத அடி நான்தான் அடிச்சேன்."

பாவாயி சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொம்பளை வந்துச்சுங்க. ஊருல சொல்லச் சொல்லுது."

"சொன்னா, ஊரு என்னைய என்னன்னு சொல்லும்?"

"சொல்லாட்டி?"

மாடுகள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. சால் கிணற்றுக்குள் இறங்கியது.

(சின்னண்ணனை நான் நல்லவனாக்குகிறேனா? ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு அப்படித்தான் சொன்னார். இல்லை. தெரியாமல் அடித்தவர்களில் ஒருவனாக இருந்தான். தெரிந்தே அடித்தவன் என்று இப்போது காட்டியிருக்கிறேன். இது நல்லவனாக்குவது ஆகுமா?)

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது. அடுத்த சந்தையில் பாவாயி கொட்டகைத் திட்டில் ஏறி நின்று, 'கேளுங்கய்யா' என்று குரலெடுக்கிறாள். சந்தை அடங்குகிறது. சுப்பையன் கம்பைக் கீழே போட்டுவிட்டு—

இல்லை. சந்தை அடங்காது. எருமையின் விலைக்குக்கூட அடங்காத சந்தை அது. சுப்பையன் கம்பைக் கீழே போடுவது எனக்கும் உங்களுக்கும் நன்றாக இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இரண்டாவது. பாவாயி சாகும்வரை வாயே திறக்கவில்லை. இதைத்தான் எழுத நினைத்தேன். என் சோர்வுக்கும் ஒத்துவந்தது. ஆனால் நெய் வியாபாரி இடிக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கிறதே!

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சந்தை நாளில், எல்லோரும் பார்க்க, பாவாயி தன் குழந்தையை அத்தாயியின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் மிளகாய் வாங்கப் போகிறாள். ஒரு வார்த்தை கிடையாது. ஊர் புரிந்துகொள்கிறது. எழுதி முடித்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் உறைத்தது. ஊர் புரிந்துகொள்ளாவிட்டால்? கம்பு மறுபடி ஓங்கினால்? பாவாயியின் மனசு ஆறவும் என் கதை அழகாக முடியவும் அத்தாயியை அந்த இடத்தில், அந்தக் குழந்தையோடு, நிற்கவைப்பதா? அதைக் கிழிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

9

ஆகவே இப்படி நடந்தது.

பாவாயி ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது, பக்கத்தில் நின்ற பொன்னாத்தாளிடம் சொன்னாள். பொன்னாத்தாள் காதில் போட்டால் பொழுது சாய்வதற்குள் பத்து வாசலுக்குப் போகும். அது தெரிந்துதான் அவளிடம் சொன்னாள்.

"அந்தாளு புள்ளையத் தூக்கலை. ஒதுங்கப் போறதுக்கு நான்தான் குடுத்துட்டுப் போனேன். எல்லாரும் கேக்கறப்பச் சொல்லாமப் போயிட்டேன்."

"அய்யோ சாமி," என்றாள் பொன்னாத்தாள். கயிறு அவள் கையிலேயே நின்றது. "இதை ஏன்டி இப்பச் சொல்றே?"

"நீ நாலு பேருக்குச் சொல்லுவியேன்னுதான்."

தெரிந்தது. அடுத்த சந்தைக்குள் ஊருக்கே தெரிந்தது. யாரும் யாரிடமும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. பாவாயி போனால் கிணற்றடியில் பேச்சு நின்றது. 'சந்தையில புள்ளையக் கண்டவங்கிட்டக் குடுத்தவ' என்று மாமியார் மட்டும் வாசலில் நின்று மாடுகளிடம் சொன்னாள். சின்னண்ணன் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டான். சுப்பையன் கம்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, சில நாள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான்.

பிறகு தெற்கே எங்கோ வாந்திபேதி என்று சேதி வந்தது. ஊர் கூடிப் பேசியது. கொட்டகையில் கண்டவர்கள் படுப்பதால்தான் அசுத்தம், அசுத்தத்தால்தான் நோய். இதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். கொட்டகையைச் சுற்றி மூங்கில் படல் கட்டிப் பூட்டுப் போட்டார்கள். முன்னால் நின்று கட்டியவன் சுப்பையன். அவனுக்கு ஒரு நல்ல காரியம் தேவைப்பட்டது. படுத்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இந்தத் தடவை யாரும் யாரையும் அடிக்கவில்லை. அடிக்காமல் வேலை முடிந்ததில் ஊருக்கு நிம்மதி.

அத்தாயி திரும்பி வந்தபோது படல் சாத்தியிருந்தது. பாவாயி சேதி கேட்டு, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, பட்டப்பகலில் ஊர் வழியாகவே நடந்து வந்தாள். அத்தாயி புளியமரத்து வேரில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றாள் பாவாயி.

"தெரியுமுங்க. வர்ற வழியில ஒரு அம்மா சொல்லுச்சு. 'பாவம், உம் புருசன் நல்லவனாமா'ன்னு. தண்ணி குடுத்துச்சு. குடிச்சதும், 'சரி, எந்திரிச்சுப் போ'ன்னுச்சு."

"எங்க காட்டுல கூரை போட்ட சாளை ஒண்ணு இருக்குது. நீ அங்க வந்து இருந்துக்க. அவர்கிட்டக் கேட்டுட்டேன். சரின்னு சொல்லிட்டாரு."

அத்தாயி நெடுநேரம் யோசித்தாள். உடனே மறுக்கவில்லை. இடம் கிடைக்கிறது என்றால் யோசிக்கத்தானே வேண்டும்.

"வேண்டாமுங்க அம்மிணி. அடிச்சவரு ஊட்டுச் சோத்தைப் பசிக்குத் தின்னுட்டேன். அங்க படுத்தாத் தூக்கம் வராதுங்க. வெடியவெடிய முழிச்சுக் கெடக்கறதுக்கு எனக்கு ரோடே இருக்குதுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க" என்றாள். அப்படிச் சொல்லிப் போவதுதானே வழக்கம். பாவாயி அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள். வண்டிக்காரன் ஒருவன் ஓரம் போகச் சொல்லிக் கத்தினான். அவள் அசையவில்லை; அவன்தான் சுற்றிக்கொண்டு போனான்.

10

பாவாயியை அங்கே விட்டுவிடலாம். அவளுக்கு வீடு இருக்கிறது; கஷ்டமோ நஷ்டமோ அதற்குள் போய்ப் படுப்பாள். கதை நியாயப்படி இங்கே முடிந்துவிட்டது. ஆனால் அத்தாயி நடந்துகொண்டிருக்கிறாளே, அவளை என்ன செய்வது?

ஜேடர்பாளையத்து அணைக்கட்டு மண்டபத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன். காவலாள் வந்து எழுப்பினார். ஒரு சத்திரத்துக்கு அனுப்பினேன். யாத்திரைக்காரர்களுக்கு மட்டும் என்றார்கள். ஒரு ரெயிலடியில் உட்காரவைத்தேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார்கள். எழுதுகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் வந்துவிடுகிறார். அவர்களை நான் எழுதுவதே இல்லை. தாமாக வருகிறார்கள். எல்லோரும் மரியாதையான மனிதர்கள். எல்லோரிடமும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது.

'அன்று மாலை அத்தாயி ஒரு—'

'வழியில் ஒரு புண்ணியவதி அவளை—'

'ஊருக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத ஓர்—'

யாருக்கும் சொந்தமில்லாத இடம் எது என்று தேடி அந்த வாக்கியத்தோடு ஒரு வாரம் அலைந்தேன். அகப்படவில்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவளுக்கு இருப்பதில் கால்வாசி இருக்குமா?

அவள் இப்போது பாயோடு நிற்கிறாள். பொழுது இறங்குகிறது. இந்தப் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் காலியாக விட்டிருக்கிறேன். அவள் படுக்கும்படியாக, யாரும் எழுப்பாதபடியாக ஓர் இடம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அங்கே எழுதிவிடுங்கள். உங்கள் வீட்டுத் திண்ணை என்று எழுதுவதானால், அதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.